எங்கள் அம்மா பேயாக நின்ற படம்

மூன்று நாளாக ஒருவர் மாற்றி ஒருவர் அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "நம்ம தோட்டம், நம்ம பங்களா, உலகமே பாராட்டுற பேய்ப் படம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர் கைகூப்பும் படம் ஆறு போட்டிருக்கிறார். கனடாவில் இருக்கிறவள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் காட்டினாளாம். பிள்ளைகள் பயந்து போர்வைக்குள் புகுந்துகொண்டார்களாம். அதில் அவளுக்கு ஒரு பூரிப்பு.

நமக்கெல்லாம் அறுபதை ஒட்டிவிட்டது. அக்கரப்பத்தனைப் பக்கத்து மலையில் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், கால் ஆடுகிற ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் நாம். உங்களில் ஒருவருக்குக்கூட அந்தப் படத்தில் வெள்ளைச் சேலையோடு நிற்கிற பேய் யாரென்று ஞாபகம் இல்லையா? ஞாபகம் இருந்தும்தான் அனுப்புகிறீர்களா? எதுவாக இருந்தாலும் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய கை. பிழையைப் பார்த்தும் சும்மா விட மனம் வரவில்லை.

முதலில் அந்தப் படத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், தாத்தா விட்டுப்போன பங்களாவுக்குக் குடிவருகிறது. புருஷன், பெண்சாதி, ஒரு சின்னப் பெண், ஒரு நாய். கதவு தானாகத் திறக்கிறது. லயத்து வரிசையில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் கதவு நான் பிறந்த நாளிலிருந்து தானாகத்தான் திறந்தது, கொண்டி இல்லாததால். சுவரில் ஈரம் பரவுகிறது. அதைப் பார்த்து அந்தப் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். லயத்து ஈரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கி வளர்ந்த நீங்களும் அதற்குப் பயந்தீர்கள் என்றால், உங்களை நினைத்து நான் சிரிப்பதா என்ன செய்வது? கடைசியில், தாத்தா காலத்தில் செத்துப்போன கூலிக்காரி ஒருத்திதான் பேயாக அலைகிறாள் என்று தெரிகிறது. ஒரு பாதிரியார் வந்து அவளை விரட்டுகிறார். குடும்பம் காரில் ஏறிச் சந்தோஷமாகப் போகிறது. இவ்வளவுதான். இதற்குத்தான் உலகம் பாராட்டுகிறது.

அந்தக் கூலிக்காரி எங்கள் அம்மா.

படக்காரர்கள் வந்தது ஆடி மழைக்காலத்தில். பத்து வயது எனக்கு. எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, நான், எட்டு மாதத் தம்பி, அப்பாவின் தங்கை குடும்பம் என்று ஒன்பது பேர் இருந்தோம். மழைக்காலத்தில் ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் தம்பியின் மூத்திரத் துணியும் சேர்ந்து ஒரு வாசம் வீசும். இன்றைக்கும் ஈரக் கம்பளியை எங்கே முகர்ந்தாலும் அந்த வாரம்தான் எனக்குத் திரும்பி வருகிறது.

தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போகிற வழியில் தம்பியைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். டிஸ்பென்சர் ஐயா அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சளிதான். இதக் குடு" என்று ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். அந்த ரோஸ் தண்ணீர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சலுக்கு அதுதான், வயிற்றுவலிக்கு அதுதான், கவ்வாத்துக் கத்தி வெட்டிய காலுக்கும் அதைத்தான் குடிக்கச் சொன்னார். போத்தலில் ஒட்டிய காகிதத்தில் எவ்வளவு குடிப்பது என்று கோடு மட்டும் நேர்த்தியாக வெட்டியிருப்பார். அம்மா மூன்று நாள் போனார். மூன்று நாளும் அதே தண்ணீர்.

நாலாம் நாள் காலையில் தம்பியின் நெஞ்சுக்கூடு உள்ளே உள்ளே போய் வந்தது. அம்மா அவனைக் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு ஆபிஸ் ஜன்னலுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஐயா, புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க. ஆஸ்பத்திரிக்கு லொறி குடுங்க ஐயா."

பெரிய கிளாக்கர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "லொறி இல்ல. தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போயிருக்கு. பட சாமான் ஏத்த."

"எப்பங்க வரும்?"

"வரும்போது வரும். பஸ்ஸுல போ."

பஸ் ரோட்டுக்கு மூன்று கட்டை தூரம், மூன்று மைல். அப்பா மலையில் வேலையில் இருந்தார்; சொல்லி அனுப்ப நேரமில்லை. அம்மா மழையில் நடந்தார். இரண்டாவது கட்டையைத் தாண்டி, மதகுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கம்பளியை விலக்கிப் பார்த்தார். மூடினார். வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "அம்மா, பஸ் அந்தப் பக்கம்" என்று சொன்னேன்.

அன்றைக்குப் பொழுது சாய முன்னே லொறி வந்தது. நீங்களெல்லாம் பங்களா மதிலில் ஏறி வேடிக்கை பார்த்தீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் வாய் ஓயாமல் சொன்னீர்கள். லொறியில் வந்தது கிழிந்த திரைச்சீலை, கால் உடைந்த நாற்காலி, ஒட்டடை. ஆமாம், ஒட்டடை. போத்தல் போத்தலாக ரப்பர்ப் பால் மாதிரி ஒன்று. அதை ஒரு சின்ன விசிறியில் ஊற்றிச் சுழற்றினால் நூல் நூலாகப் பறந்து சுவரில் ஒட்டும். பழுத்த வாழைப்பழமும் பெயின்டும் கலந்த நாற்றம் அடிக்கும். பங்களா ரொம்பச் சுத்தமாக இருந்ததாம், பேய் குடியிருக்கத் தகுந்த அழுக்கு இல்லையாம். அழுக்கைக் கொழும்பிலிருந்து ரயில் கோச்சியில் ஏற்றிவந்து, எங்கள் தோட்டத்து லொறியில் இறக்கினார்கள்.

தம்பியைப் புதைத்த பிறகு அம்மா அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. பேசவும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போவார், கொழுந்து பறிப்பார், வந்து ரொட்டி சுடுவார். மூன்று தடவை ஆபிஸ் ஜன்னலுக்கு மட்டும் போனார், தோட்டத்தை ஆளுகிற பெரிய தொரையைப் பார்க்கவேண்டும் என்று. தொரையைப் பார்க்கவேண்டுமானால் பெரிய கிளாக்கர் விடவேண்டும். "தொரைக்கு வேல இருக்கு" என்று மூன்று தடவையும் ஜன்னல் சாத்தப்பட்டது.

லயத்துப் பெண்கள் பயந்துபோனார்கள். "அழலைன்னா உள்ளுக்குள்ள கட்டிப்போயிரும். பைத்தியம் புடிச்சிரும்" என்று அப்பாவின் தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவை அழவைக்கத் தம்பியின் சட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

இதற்கிடையில் பங்களாவில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. பனிமூட்டம் நம் வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைக்கிற ஊர் இது. அவர்கள் அதற்கும் ஒரு புகை மெஷின் கொண்டுவந்திருந்தார்கள். நிஜப் பனி வந்தால், "ஒன்றும் தெரியவில்லை" என்று காமிராவை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். பனி விலகினதும் மெஷினை முடுக்கிப் புகை விடுவார்கள். ராத்திரிக் காட்சிகளையெல்லாம் நடுப்பகலில் எடுத்தார்கள். அந்தச் சின்ன வெள்ளைக்காரப் பெண், பேயைக் கண்டு நடுங்கவேண்டிய பிள்ளை, மதிலில் உட்கார்ந்திருந்த நமக்கு நாக்கைத் துருத்திக் காட்டும். நாம் அவர்கள் வீசிய பாண் துண்டைச் சண்டைபோட்டுத் தின்றோம். நானும்தான். தம்பி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜாம் தடவிய பாண். அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளாக்கர் லயத்துக்கு வந்தார். அவர் லயத்துப் பக்கம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சேற்றில் சப்பாத்து படாமல் கல்லுக்குக் கல் தாவி வந்து வாசலில் நின்றார். அவரோடு கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பொடியன் ஒருவன். படக்காரத் தொரைக்கு உதவியாள்.

"பேய் வேசத்துக்கு ஒரு பொம்பள வேணும். ஒல்லியா, ஒசரமா. வெள்ளச் சீல கட்டி நிக்கணும். ஒப்பாரி மாதிரி அழணும்" என்றார் கிளாக்கர்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெள்ளைச் சேலை யார் கட்டுவார்கள்?

"அதெல்லாம் எங்களுக்குச் சரிவராதுங்க ஐயா" என்றார் ஒரு கிழவி. "நாங்க என்னா முண்டச்சிங்களா?"

"நான் கட்டுறேன்."

அம்மாவின் குரல். லயத்தில் ஒரு மாதமாகக் கேட்காத குரல். கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் விறகு உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து நின்றிருந்தார். கிளாக்கருக்கு அம்மாவை அடையாளமே தெரியவில்லை. மேலும் கீழும் பார்த்து, "ஆ, இது நல்லாருக்கு" என்றார், கடையில் சாமான் பார்க்கிறவர் மாதிரி.

அப்பா வாசலில் நின்றார். நான் உசிரோட இருக்கையிலேயா என்று கேட்கவேண்டியவர். அப்பாவின் தங்கை அவர் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "விடுண்ணே. அங்க போயாவது அழட்டும். பாரம் எறங்கிரும்." அப்பா தலையாட்டினார். வெகுகாலம் அந்தத் தலையாட்டலுக்காக நான் அவரைக் கோழை என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், அவர் பெண்சாதி அழுதால் போதும் என்று மானத்தை விட்ட மனிதராகவும் தெரிகிறார். ஆனால் அம்மா எதற்காகப் போகிறார் என்று அவருக்கும் தெரியவில்லை, லயத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெண்ணாகப் பிறந்தால் அழத்தான் போவாள் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு. லயத்தில் பாதிப்பேர் பங்களாப் புல்வெளிக்கு வெளியே மதிலோரம் நின்றோம். பெரிய தொரை, பெரிய கிளாக்கர், டிஸ்பென்சர் ஐயா மூவரும் உள்ளே, காமிராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாலின் பெரிய கண்ணாடிக் கதவுகள் திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. பங்களா முன்வாசல் வழியாக அம்மா உள்ளே போனது அதுதான் முதல் தடவை. முகத்தில் சாம்பல் பூசி, கண்ணுக்குக் கீழே கறுப்பு தடவி, தலையை விரித்துவிட்டிருந்தார்கள். கொழும்பு ஒட்டடைக்கு நடுவில் நிறுத்தினார்கள்.

சிங்களப் பொடியன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "அம்மா, நீங்க பேசு. அழுது பேசு. என்ன பேசினாலும் ஹரி, சரி. தொரைக்கு வெளங்காது."

"என்னா வேணும்னாலும் சொல்லலாமா?" என்று அம்மா கேட்டார்.

"என்ன வேணும்னாலும்."

படக்காரத் தொரை கையைக் காட்டினார். மெஷின் புகை விட்டது. அம்மா மடியிலிருந்து ரோஸ் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். அதை அவர் வைத்திருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது. அழவில்லை. ஒப்பாரி வைக்கவில்லை. காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்து, அடுத்த காம்பராக்காரியிடம் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"எம் புள்ளைக்குக் காச்சல்னு மூணு நாளு தூக்கிக்கிட்டு வந்தேன். தொட்டுப் பாக்கல. சளின்னு சொன்னாரு டிஸ்பென்சர் ஐயா. இந்தா, இந்தத் தண்ணியத்தான் குடுத்தாரு. நாலாம் நாளு மூச்சு வாங்குச்சு. லொறி கேட்டேன். பட சாமான் ஏத்தப் போயிருக்குன்னாரு பெரிய கிளாக்கர். என்னா சாமான்? இந்தா தொங்குதே, இந்த ஒட்டடை! எங்கிட்டக் கேட்டிருந்தா எங்க காம்பராவுல இருந்து கூடை கூடையா அள்ளிக் குடுத்திருப்பேனே. மழையில நடந்தேன். ரெண்டாங் கட்டையில புள்ளையோட கனம் மாறிப்போச்சு. தூக்குனவளுக்குத் தெரியும் அது. எம் புள்ளய நீங்கதான் கொன்னீங்க. நான் இத எங்க வந்து சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். இப்பச் சொல்லிட்டேன்."

கிளாக்கரின் முகம் வெளுத்து, அம்மாவின் சாம்பல் முகம் மாதிரி ஆகிவிட்டது. டிஸ்பென்சர் ஐயா எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார். பெரிய தொரைக்குக் கொழுந்துத் தமிழ் மட்டும்தான் தெரியும்: வா, போ, நல்லா எடு. ஆனால் டிஸ்பென்சர், லொறி, கிளாக்கர் என்ற வார்த்தைகள் அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? கிளாக்கர் பக்கம் திரும்பி இங்கிலீசில் ஏதோ கேட்டார். பங்களாவில் சமைக்கிற அப்பு பக்கத்தில் நின்றிருந்தார். கிளாக்கர் சொன்ன பதிலை அவர்தான் பிறகு வந்து எங்களிடம் சொன்னார். "பழைய காலத்து மந்திரம் சார். சாபம் குடுக்கிற மந்திரம்" என்றாராம். தொரை தலையை ஆட்டினாராம். நம்பினால் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

படக்காரத் தொரைக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. துள்ளி எழுந்து கைதட்டினார். இன்னொரு தடவை எடுக்கவேண்டும் என்றார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மொத்தம் நாலு தடவை. கிளாக்கர் எழுந்து போக முடியவில்லை. மொழி சொல்ல அவர்தான் வேண்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். நாலு தடவையும் அம்மா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுதலாகச் சொன்னார். மூன்றாவது தடவை, ஜன்னல் சாத்தப்பட்ட மூன்று நாளையும் கிழமையோடு சொன்னார்.

முடிந்ததும் அந்தப் போத்தலைப் பொடியன் வாங்கிக்கொண்டான், அடுத்த காட்சிக்கு வேண்டுமென்று. அது திரும்பி வரவில்லை. அந்தப் போத்தலைப் பற்றி இப்போது எங்கேயோ எழுதியிருக்கிறார்களாம், நீங்கள்தான் அனுப்பியிருந்தீர்கள்: "பேயின் கையிலுள்ள மர்மமான விஷக் குப்பி". அம்மா பேசியதற்கு, "பண்டைய தமிழ்ச் சாபம்". படித்தவர்கள் எழுதுகிறார்கள். தமிழ் தெரிந்த ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரனை விடுங்கள், அவனுக்கு மொழி தெரியாது. உங்களுக்கு என்ன கேடு? காதில் மாட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் கேட்டிருந்தால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்குமே. எல்லோரும் அதற்குள்ளே கண்ணை மூடிக்கொண்டீர்கள், பயமாக இருக்கிறதென்று.

அடுத்த வாரம் யூனியன் தலைவர் எங்கள் காம்பராவுக்கு வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு, "தங்கச்சி சொன்னது ஞாயம். தொரைக்கு எழுத்துல குடுப்போம். சாட்சிக்கு ரெண்டு பேர் கையெழுத்து வேணும்" என்றார். மதிலோரம் நின்றவர்கள் எண்பது பேருக்குக் குறையாது. அப்பா காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். "அது படத்துக்குச் சொன்னதுதானேண்ணே" என்றார்கள். "நான் அப்ப அந்தப் பக்கம் பாக்கல" என்றார்கள். "புள்ளகுட்டிக்காரன், என்னய விடுங்க" என்றார்கள். பிள்ளை செத்த வீட்டுக்காரனிடம் சொல்கிற பேச்சா அது? யார் யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பாமார்தான். பேர் எழுதவில்லை. இரண்டு கையெழுத்துக் கிடைக்கவில்லை. தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. வெள்ளைச் சேலை கட்டின அன்றைக்கே அம்மாமேல் பேய் ஏறிவிட்டது என்று. இல்லாவிட்டால் ஒரு கொழுந்துக்காரி கிளாக்கர் முகத்தைப் பார்த்து அப்படிப் பேசுவாளா என்று. எவ்வளவு வசதி பாருங்கள். அம்மா பேசியது பேய் பேசியது ஆகிவிட்டால், கேட்டவர்கள் ஒருத்தரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்கு வாந்தி வந்தது. அம்மா அந்தப் பக்கம் நடந்துபோனதால்தான் என்றார்கள். பீலியில் அம்மா தண்ணீர் பிடிக்க வந்தால் மற்றப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அழச்சொல்லி அனுப்பிய அப்பாவின் தங்கையே தன் பிள்ளைகளை அம்மாவின் பக்கத்தில் படுக்கவிடவில்லை. ஒரே காம்பராவில், நடுவில் சாக்கைத் தொங்கவிட்டார். பூசாரி வந்து வேப்பிலை அடித்தார். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்து, அவர் களைத்து நிறுத்தியதும், "முடிஞ்சிச்சா? அரிசி களையணும்" என்று எழுந்தார்.

கார்த்திகை பிறந்ததும் அப்பா ஆபிஸ் ஜன்னலுக்குப் போய், "எங்க பேர வெட்டிக் குடுங்க ஐயா, ராகலைக்குப் போறோம்" என்றார். அங்கே மாமா இருந்த தோட்டத்தில் வேலை கிடைத்தது. பெரிய கிளாக்கர் அன்றைக்கு மட்டும் உடனே எழுதிக் கொடுத்தார்.

அவருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மாலை போட்டு, போட்டோ பிடித்து, பென்ஷனில் அனுப்பினார்கள். படக்காரத் தொரையோடு தோளில் கைபோட்டு நிற்கிற படம் அவர் வீட்டு ஹாலில் தொங்கியது. டிஸ்பென்சர் ஐயா இன்னும் பத்து வருஷம் ரோஸ் தண்ணீர் ஊற்றினார்.

அந்தப் படத்தை நானும் அம்மாவும் பார்த்தது வெகுகாலம் கழித்து, ராகலையில் என் வீட்டில். நான் ஆசிரியையாகி, கல்யாணம் முடித்து, டீவி வாங்கி எல்லாம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு எழுபது. காட்டலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துத்தான் போட்டேன். அம்மா காலை நீட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் குடும்பம் அறைக்கு அறை ஓடி அலறும்போது அவருக்கு வந்தது எரிச்சல்.

"எத்தன அறைடி இருக்கு?"

"எட்டோ ஒம்பதோ இருக்கும்மா."

"ஒண்ணுல பேய் இருந்தா இருந்துட்டுப் போவுது. மத்ததுல படுக்க வேண்டியதுதான? நம்ம காம்பராவுக்கெல்லாம் பேய் வந்திருந்தா நிக்கக்கூட எடம் இருந்திருக்காது."

அவருடைய காட்சி வந்தது. புகை, ஒட்டடை, சாம்பல் முகம். மேலே ஏதோ வயலின் சத்தத்தைப் போட்டு அழுத்தியிருந்தார்கள். அடியில் அம்மாவின் குரல் கேட்டது. முப்பது வயசுக் குரல். நான் டீவியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து, பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற வாத்தியார் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது மொதத் தடவ சொன்னது" என்றார் முடிந்ததும். "மூணாவது தடவதான் எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னேன். அதப் போடாம விட்டுட்டான், முட்டாப்பய."

பிறகு மிச்சத்தைப் பார்க்காமல் எழுந்து கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது.

இவ்வளவு நேரம் உங்களை ஏசினேன். ஏச எனக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தவேண்டும். இது நான் என் புருஷனிடம்கூடச் சொல்லாதது.

தோட்டத்தை விட்டுப் போன அன்று காலை, அப்பா தலையில் பெட்டி, அம்மா இடுப்பில் மூட்டை, என் கையில் ஒரு தகரவாளி. தேயிலை ஸ்டோர் முடக்கில், ரோடு திரும்புகிற இடத்தில், நீங்கள் ஐந்தாறு பேர் நின்றீர்கள். "பேய் போவுது! பேய் போவுது!" என்று ஒருவன் கத்தினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டீர்கள். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

விட்டுவிட்டேன்.

கொஞ்சம் பின்தங்கினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். அந்த அம்மாவோடு வருகிற பிள்ளை நானில்லை என்று நீங்கள் நினைக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்காக நின்றார். நானும் நின்றேன். அவர் நடந்ததும் நடந்தேன். நீங்கள் கண்ணுக்கு மறைந்து, சத்தமும் ஓய்ந்த பிறகும் அந்த இடைவெளியை நான் குறைக்கவில்லை. பஸ் ரோடு வரைக்கும் அப்படியே போனோம்.

பஸ் வந்தது. அம்மா முன் கதவால் ஏறினார். நான் பின் கதவால் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்து, வாளியோடு தனியாக நின்ற என்னைப் பார்த்து, "பாப்பா, நீ யாரோட வந்த?" என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டான்.

நான் அப்பாவை மட்டும் கையால் காட்டினேன்.

"அம்மா இல்லையா?"

"இல்ல" என்றேன்.

அம்மா இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கிறது; தோள் அசைந்ததை நான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. மூட்டையிலிருந்து ரொட்டியை எடுத்து, ஒன்றைப் பிய்த்து, அப்பாவின் கையில் கொடுத்து, "அந்தப் புள்ளைக்குக் குடுங்க, காலையில இருந்து ஒண்ணும் திங்கல" என்றார்.